கோழி தின்னாத நாள்

அன்று கொட்டகையில் இருந்தவர்கள். தொட்டியில் விரால் மீன் ஒன்று. பானையில் தவளை ஒன்று. கம்பிவலைப் பெட்டியில் ஓணான். மரக்கூண்டில் கோழி. கயிற்றில் வெள்ளாடு. நாற்காலியில் சென்னையிலிருந்து வந்த பெரிய பேராசிரியர். நாற்காலி இல்லாமல் எங்கள் வாத்தியார். வாசலில் நான்.

அலமாரியில் ஐந்து கண்ணாடிக் குப்பிகள் இருந்தன. அவற்றிலும் மீன், தவளை, ஓணான், கோழி, ஆடுதான். மூளை மட்டும்.

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரிக்குப் பின்னால் இருந்தது அந்தக் கொட்டகை. அறுபதாம் வருடத்தை ஒட்டிய காலம். தீனி வைக்கவும் கூட்டவும் ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். விலங்கியல் வாத்தியார் சின்ன வயதுக்காரர். பேச ஆள் கிடைக்காமல் என்னிடம் பேசுவார். குப்பிகளை எடுத்து ஒவ்வொரு மூளையிலும் ஒரு இடத்தைக் குச்சியால் காட்டுவார்.

"தீனி கெடைக்கப்போவுதுன்னா இந்த எடம் முழிச்சுக்கும்மா. வெளிநாட்டுல ஒரு எலி மண்டையில கம்பி வச்சு மின்சாரம் குடுத்திருக்காங்க. கட்டைய அமுக்குனா மின்சாரம் வரும். எலி சோறு தண்ணிய மறந்துட்டு அந்தக் கட்டையவே அமுக்கிக்கிட்டு இருந்துச்சாம்."

"மீனுக்கும் அந்த எடம் இருக்கா சார்?"

"இருக்கும்மா. மீனுக்கு, தவளைக்கு, ஆட்டுக்கு, ஒங்களுக்கு, எனக்கு. பெருசு சின்னதுதான் வித்தியாசம்."

"எங்க வீட்டுக்காரருக்கு?"

"அவருக்கும் இருக்கும்."

"இருந்தாச் சரி."

கல்லூரியில் அந்தக் கொட்டகையைச் சைக்கிள் நிறுத்தக் கேட்டார்கள். வாத்தியார் விடவில்லை. ஐந்து பிராணிக்கும் பழக்கம் கற்றுக்கொடுத்து, எல்லாவற்றுக்கும் ஆசை ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது என்று எழுத வேண்டும் அவருக்கு. அதற்காகக் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டிருந்தார். கடைசியில் சென்னைப் பெரியவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் கொட்டகை வாத்தியாருக்கு, இல்லையென்றால் சைக்கிளுக்கு என்று முடிவானது.

பெரியவர் வரும் வாரத்தில் வாத்தியாருக்குப் பயம் வந்துவிட்டது. கூண்டில் மூன்று கோழிகள் இருந்தன.

"ரெண்டை வீட்டுக்குக் கொண்டுபோயிருங்கம்மா. கூட இருந்தா இதுக்குக் கவனம் செதறும்."

கொண்டுபோனேன். அன்றிலிருந்து மிச்சக் கோழி தீனியைத் தொடாமல் மூலையில் உட்கார்ந்துவிட்டது. பசி ஏறட்டும், நல்லதுதான் என்றார் வாத்தியார்.

பெரியவர் வந்தார். கழுத்தில் டை. காலையில் பலகாரம் கனம் என்றும், எதுவும் வேண்டாம் என்றும் வரும்போதே சொன்னார். மதியத்துக்குக் கோழிக்குழம்பு என்று வாத்தியார் சொன்னதும் அதை மட்டும் மறுக்கவில்லை. கோழி வாங்க என் வீட்டுக்காரரைக் கீரமங்கலம் சந்தைக்கு அனுப்பியிருந்தோம்.

வாத்தியார் தொட்டியைத் தட்டினார். விரால் மேலே வந்து மண்புழுவை வாங்கிக்கொண்டது. தவளை நூலில் ஆடிய கறித்துண்டைப் பிடித்தது. ஓணானுக்கு முன்னால் கண்ணாடி வைத்தார். எதிரி வந்துவிட்டான் என்று அது தலையை ஆட்டி ஆட்டி மிரட்டியது. அதே கண்ணாடியில் பெரியவர் டையைச் சரிசெய்துகொண்டார். ஆடு பலகையை முட்டித் தள்ளிக் கிளுவைத் தழை தின்றது.

கோழி சிவப்பு மூடியைக் கொத்த வேண்டும். கொத்தினால் நான் கம்புத் தானியம் போடுவேன். கொத்தவில்லை. மூடியைத் தட்டிக் காட்டினோம். கண்ணை மூடிக்கொண்டது.

"அஞ்சுல நாலு, மிஸ்டர்," என்றார் பெரியவர். "கோழிக்கு மட்டும் அந்த இடம் தூங்குதோ?"

"பசி இருக்கு சார். தின்னும் சார்."

"தின்னா கையெழுத்துப் போடறேன்."

வாத்தியார் கூண்டுக்கு முன்னால் மண்டியிட்டார். "தின்னு தாயி," என்றார். கோழி திரும்பி உட்கார்ந்தது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வந்தார். கையில் தலைகீழாக ஒரு கோழி. பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் வீட்டுக்குக் கொண்டுபோன கோழிகளில் ஒன்று.

"சந்தைக்குப் போகலையா?" என்றேன்.

"எதுக்கு அம்புட்டுத் தூரம்? வீட்டுல ரெண்டு சும்மாதானே நிக்குது. ஏங்க சாரு, இது ஒண்ணு போதுமா, இன்னொண்ணும் வேணுமா?"

தரையில் வைத்தார். அது கத்தியது. கூண்டுக் கோழி எழுந்தது. அதுவும் கத்தியது. கூண்டுக்கு உள்ளேயும் வெளியேயும் நின்று இரண்டும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டன. பிறகு கூண்டுக் கோழி போய் மூடியைக் கொத்தியது. கம்பு போட்டேன். மறுபடி கொத்தியது. போட்டுப் போட்டு என் கை வலித்தது.

வாத்தியார் மண்டியிட்டபடியே இருந்தார்.

"தனியா இருந்துச்சு சார். நான்தான் பிரிச்சேன். தீனிக்கு முழிக்கிற எடமும் தொணைக்கு முழிக்கிற எடமும் ஒட்டி இருக்கணும் சார். ஒண்ணு இல்லாம இன்னொண்ணு முழிக்கல."

பெரியவர் குனிந்து கோழி மூளை இருந்த குப்பியைப் பார்த்தார். "இருக்கலாம்," என்றார். "ஒரு தடவை நடந்தா போதாது."

"அப்ப இதை அறுக்கவா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அறுக்கக் கூடாது!" வாத்தியார் கோழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பெரியவர் முகம் விழுந்துவிட்டது. குழம்பு போயிற்று. பேனா சட்டைப்பையிலேயே இருந்தது. நான் கடைக்கு ஓடி உளுந்து வடை வாங்கி வந்தேன்.

"எனக்கு வேண்டாம். பசியே இல்லை," என்றார் பெரியவர்.

சரி என்று இலையில் வாத்தியாருக்கு வைத்தேன். என் வீட்டுக்காரர் வாசலில் குத்துக்காலிட்டுச் சட்னியில் முக்கித் தின்றார். சத்தத்தோடு தின்பார். வாத்தியாரும் தலைகுனிந்து தின்றார். பெரியவர் இங்கிட்டுப் பார்த்தார், அங்கிட்டுப் பார்த்தார். கை மெல்ல இலைக்கு வந்தது. ஒன்று எடுத்தார். அப்புறம் நிற்கவில்லை.

என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்.

"அய்யாவும் எங்க கோழி மாதிரிதான். கூட ஆளு இருந்தாத்தான் எறங்குது."

வாத்தியார் மெல்லுவதை நிறுத்தினார். நான் சைக்கிள்களை நினைத்துக்கொண்டேன்.

பெரியவர் கையில் இருந்த பாதி வடையைப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார்.

"ரெண்டாவது தடவையும் நடந்துடுச்சு, மிஸ்டர்," என்றார். "தாளைக் கொண்டு வாரும்."

எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போட்டார். கொட்டகை வாத்தியாருக்கே ஆயிற்று. இலையை நான்தான் எடுத்தேன். பசியில்லாத பெரியவர் தின்றது ஒன்பது வடை.