மாடிப்படி ஏறும் லிஃப்ட்காரர்

"இந்த ஜென்மத்துல இனிமே லிஃப்ட் பக்கம் தலைவெச்சும் படுக்க மாட்டேன்" என்பது அவருடைய சபதம். அதைச் சொல்லும்போது பெரும்பாலும் அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். முதல் மாடியில் குடியிருக்கும் அவர், ஆறாவது மாடியிலிருக்கும் என் வீட்டுக்குப் படியேறித்தான் வருவார். கதவைத் திறந்ததும் நிலையைப் பிடித்தபடி நிற்பார், தண்ணீர் குடிப்பார், சபதத்தைச் சொல்வார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. ஏறுவதற்குக் காசு கேட்பதில்லை என்பதையும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஊரில் இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி நடத்தியவர். ஒரு ஸ்பேனரோடு ஆரம்பித்து அறுபது ஆட்களோடு முடித்தார். நாற்பத்தேழாவது வயதில் அதை நல்ல விலைக்கு விற்றார். இனி ஆயுசுக்கும் காலாட்டிக்கொண்டே சாப்பிடலாம் என்ற நிலை வந்ததும், மனைவியையும் பத்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு கடல் கடந்து இங்கே வந்துவிட்டார். காலை ஊரிலேயே ஆட்டியிருக்கலாமே என்று கேட்டேன்.

"அங்க இருந்தா எவனாவது நடுவுல மாட்டிக்கிட்டு போன் பண்ணுவான் சார். இங்க மாட்டினா அவன் பாஷையில கத்துவான். எனக்குப் புரியாது."

நாடு விட்டு நாடு போவதற்கு இவ்வளவு அசைக்க முடியாத காரணத்தை நான் கேட்டதில்லை.

உண்மைக் காரணத்தைச் சொன்னவர் அவர் மனைவி. துணைத் தலைமையாசிரியை வேலையை விட்டுவிட்டு வந்தவர். மகள் பிறந்த அன்று இவருக்கு ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் பிரசவம். கணவரும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். மொட்டை மாடியில், லிஃப்டின் மோட்டார் அறைக்குள். "பொண்ணு பொறந்த சேதியை நர்ஸம்மா லிஃப்ட் குழிக்குள்ள தலையை விட்டுக் கத்திச் சொன்னாங்க. 'சரி, கதவை மூடுங்க'ன்னு மேலேருந்து பதில் வந்துச்சு" என்றார் டீச்சர், வகுப்பில் வரலாறு நடத்தும் குரலில்.

ஆகவே ஒரே ஒரு நிபந்தனையின் பேரில்தான் டீச்சர் விமானம் ஏறியிருக்கிறார். இங்கே அவர் ஒரு லிஃப்டில் கை வைத்தாலும் தாயும் மகளும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். பழைய வேலையைத் திரும்பக் கேட்கும் கடிதம் கையெழுத்தோடு பீரோவில் தயாராக இருக்கிறது. தேதிதான் போடவில்லை.

வேலையே இல்லாத மனிதர் பொழுதை என்ன செய்கிறார் என்று எனக்கு ஆராய்ச்சி ஆர்வம். காலையில் மகளைப் பள்ளியில் விடுகிறார். மாலையில் முக்கால் மணி நேரம் முன்பே போய் நின்று, பள்ளி வாசல் கதவின் கீல்களை மேற்பார்வையிடுகிறார். நடுவில் இந்த நாட்டு மொழி வகுப்பு. நாலு மாதத்தில் என்ன தேறினார் என்று மகளிடம் விசாரித்தேன்.

"அப்பாவுக்கு ஆறு வார்த்தை தெரியும் மாமா" என்று விரல் விட்டு எண்ணினாள். "மேல, கீழ, கதவு, கயிறு, சத்தம், மாட்டிக்கிச்சு."

பால் வாங்க இன்னும் அவள்தான் போகிறாள்.

எங்கள் லிஃப்ட் நாலாவது மாடியைத் தாண்டும்போது 'டக்' என்று ஒரு சொடக்குப் போடும். பன்னிரண்டு வருடமாகப் போடுகிறது. நாங்கள் யாரும் அதைக் கேட்பதில்லை. என் கூடத்துச் சுவருக்குப் பின்னால்தான் அதன் போக்குவரத்து. சொடக்கு விழுந்தால் லிஃப்ட்காரரின் பேச்சு பாதியில் நிற்கும். டீ டம்ளர் உதட்டுக்கு அரை அங்குலத்தில் நிற்கும். ஒருநாள் வேண்டுமென்றே, நம் லிஃப்டில் ஏதாவது கோளாறா என்று கேட்டுவைத்தேன்.

"எந்தச் சத்தம்?" என்றார். நான் சத்தம் என்றே சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, பொது அறிவாக ஒரு விஷயம் சொன்னார். லிஃப்டின் தரையில் ஒரு நாணயத்தை விளிம்பில் நிமிர்த்தி வைக்க வேண்டுமாம். யோக்கியமான லிஃப்டாக இருந்தால் உச்சிக்குப் போய்த் திரும்பினாலும் அது சாயாதாம். "நம்ம கை பட்ட லிஃப்ட்ல ஒரு தடவைகூட சாஞ்சதில்ல. அதெல்லாம் போன ஜென்மம் சார்" என்று முடித்துவிட்டுப் படியிறங்கினார்.

போன வாரம் லிஃப்ட் கம்பெனி ஆள் வந்தார். கால் மணி நேரம் எண்ணெய் விட்டார், கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். நம்மவர் படிக்கட்டில் நின்று ஆதியோடந்தமாகப் பார்த்தார். திருடனைப் பிடித்துவைத்திருப்பதுபோல, தன் வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தார்.

மறுநாள் காலை ஆறாவது மாடியில் பொத்தானை அழுத்தினேன். கதவு திறந்தது. உள்ளே தரையில் நம்மவர் குந்தியிருந்தார். எதிரே, அப்போதுதான் நிமிர்த்திவைத்த இந்த நாட்டு நாணயம் ஒன்று விறைப்பாக நின்றது. என்னைப் பார்த்து அவர் கூச்சப்படவில்லை. மெல்ல ஏறச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, காற்றில் சுடரை மறைப்பதுபோல இரண்டு உள்ளங்கைகளையும் அதைச் சுற்றி வைத்துக்கொண்டார். நான் மூலையில் பல்லிபோல ஒட்டிக்கொண்டேன். ஐந்து. நாலு. டக். நாணயம் சாய்ந்தது, உருண்டு போய்க் கதவோரம் படுத்தது.

முதல் மாடியில் கதவு திறந்தபோது எதிரே டீச்சர். எங்கள் வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மேலே வரக் காத்திருந்தார். நாணயத்தைப் பார்த்தார். குந்தியிருந்த கணவரைப் பார்த்தார். குனிந்து நாணயத்தை எடுத்துப் பாத்திரத்தில் போட்டு, பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

லிஃப்ட்காரருக்கும் கேட்டது. எழுந்து, வாசல் பக்கம் ஓரடி வைத்தார். நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொரு நாணயத்தை எடுத்துக்கொண்டு மறுபடி குந்தி, அதை விளிம்பில் நிறுத்திவைத்து, நிமிர்ந்து பார்க்காமலே என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"சரி, கதவை மூடுங்க."