கிணற்றடியில் சொன்ன பொய்யும் மாதா செய்த உபகாரமும்

என் மனைவி செசிலியாள் கிணற்றில் விழுந்து செத்தாள். அவளைச் சாகத் தூண்டியவன் நான்தான் என்று கோர்ட்டில் எனக்கு ஐந்து வருடம் போட்டார்கள்.

நாங்கள் காரைக்கால்காரர்கள். வேலைக்காக நாகப்பட்டினத்தில் குடியிருந்தோம். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன மறுவருடம். அவளுக்குத் தீராத வயிற்றுவலி. அன்று காலையிலும் அழுதாள். தினமும் இதே பாட்டா என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனேன். மத்தியானம் பிணமாகத்தான் பார்த்தேன்.

தாலியையும் ஜெபமாலையையும் கழற்றி அரிசிப் பானையில் வைத்திருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. தற்கொலை என்றால் கோவில் கல்லறையில் இடம் கிடையாது. இரண்டையும் பெட்டிக்குள் ஒளித்தேன். உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய், தண்ணீர் இறைக்கையில் வழுக்கி விழுந்தாள் என்று காரைக்கால் கோவில் சுவாமியாரிடம் சொன்னேன். நம்பி அடக்கம் செய்தார்.

பத்தாம் நாள் பெட்டியைத் திறந்து தாலியைக் கண்ட மச்சினன் நேரே போலீசுக்குப் போனான். குற்றம் செய்யாதவன் ஏன் ஒளித்தான் என்று கோர்ட்டில் கேட்டார்கள். வழுக்கித்தான் விழுந்தாள் என்றே சாதித்தேன்.

வாஞ்சூர் எல்லைக்கு வடக்கே, நம் காரைக்காலில் செத்திருந்தால், அங்கே இன்னும் நடப்பது பிரெஞ்சுச் சட்டம், சாகத் தூண்டியதற்கு வழக்கே கிடையாதாம். சொந்தக்காரர்கள் ஜெயிலுக்கு வந்து வந்து இதைச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால்தான் அப்பீல் நிற்கும் என்றார் வக்கீல். கோர்ட் என்ன சொன்னாலும் சுவாமியார் என் பேச்சைத்தான் நம்பியிருந்தார்; நானே சொன்னால் அவளைத் தோண்டி வெளியே போட்டுவிடுவார்களோ? வாயைத் திறக்கவில்லை. வாய்தா மேல் வாய்தா. ஜெபமாலை உருட்டி விரல் காய்த்ததுதான் மிச்சம். உனக்குக் காது இல்லையா என்று மாதாவிடமே சண்டை போட்டேன்.

ஒருநாள் மாமியார் வந்தார்கள். மகளைப் பறிகொடுத்தவர்கள். ஏசத்தான் வந்திருக்கிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"மாப்ள, சாமியார்ட்ட உள்ளத நானே சொல்லிட்டேன். வலியில புத்தி பேதலிச்ச புள்ள, அங்கயே கெடக்கட்டும்னுட்டாரு. இனிமேயாவது வாயத் தொறங்க" என்றார்கள்.

அன்றுதான் வாய்விட்டு அழுதேன். வக்கீலிடம் எல்லாம் சொன்னேன். அடக்கத்துக்காகச் சொன்ன பொய் குற்றத்துக்குச் சாட்சி ஆகாது, கோபத்தில் ஏசியது தூண்டியது ஆகாது என்று மதராஸ் ஐகோர்ட் என்னை விடுவித்தது.

இரண்டு வருடம் ஏன் இழுத்தடித்தாய் என்று மாதாவிடம் இன்னும் மனத்தாங்கல்தான். ஆனாலும் தினமும் தோத்திரம் சொல்கிறேன். யாராவது வலி என்றால் உட்கார்ந்து கேட்கிறேன்.

பிரியமானவர்களே, நம்பிக் கேளுங்கள், மாதா கைவிடமாட்டாள். கேட்கும்போது உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள். நான் அந்த இரண்டு வருடமும் ஜெபத்தில்கூட, "மாதாவே, அவள் வழுக்கித்தான் விழுந்தாள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.