ஆலங்குளம் போய்வந்த அத்திமரம்

போன ஆனி மாதம் தென்காசியில் இருக்கும் எங்கள் வீட்டு அத்திமரத்தைக் குட்டியானை வண்டியில் ஏற்றி ஆலங்குளத்துக்குக் கொண்டுபோனேன். தெருவே வாசலில் நின்று பார்த்தது. வேரோடு பிடுங்கிய மரம் இல்லை. நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் மணலும் சாணி உரமும் கலந்து நட்டு, மொட்டை மாடியில் என் உயரத்துக்கு வளர்ந்த மரம். காற்றில் இலை கிழியக் கூடாதென்று என் பழைய சேலை ஒன்றைச் சுற்றிக் கட்டியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரி, "என்னக்கா, பொண்ணத் தலைப்பிரசவத்துக்கு அனுப்புதியளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் கிண்டலுக்குத்தான் கேட்டாள். ஆனால் நடந்ததும் அதுதான்.

என் வீட்டுக்காரர் சவுதியில் தாயிஃப் பக்கம் ஒரு தோட்டத்தில் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. ஒரு லீவில் அவர் பெட்டியைத் திறந்தபோது, சட்டைகளுக்கு நடுவே ஈரத்துணியில் என்னமோ பொதிந்திருந்தது. வளையலாக இருக்கும் என்று நான் ஆசையாகப் பிரித்தேன். உள்ளே ஒரு கம்பு! அத்திக் கம்பாம். எனக்கு வந்த கோபத்துக்கு அதை அடுப்பில் வைத்திருப்பேன்.

பாக்கெட்டில் காய்ந்த அத்திப்பழம் ஒவ்வொரு தடவையும் கொண்டுவருவாரே, பிறகு இது எதற்கு என்று கேட்டேன். "அது வேற, இது வேற. இது மரத்துலயே பழுத்து, பிச்ச ஒடனே திங்கணும். அங்கன நான் தனியா நின்னு திம்பேன். தின்னுட்டு கையக் கழுவிட்டு வண்டிய எடுக்கணும். நீயும் பிள்ளையளும் பக்கத்துல இல்லாம அது என்ன தீனி?" என்றார். கம்பை மறுபடி ஈரத்துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். டிரம்மை அறுத்தது, மண் கலந்தது, கம்பை ஊன்றியது எல்லாம் அவர் கைதான்.

கம்பு துளிர்த்தது. அன்றிலிருந்து ஃபோனில் என்னிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்பதற்கு முன்னால் "தண்ணி ஊத்துனியா?" என்று கேட்க ஆரம்பித்தார். எனக்கு ஒரு சக்களத்தி வந்துவிட்டாள் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பேன். சிரித்தாலும் தண்ணீர் ஊற்றுவதை விடவில்லை.

சிக்கல் என்னவென்றால், இந்தப் பக்கத்து வளைகுடா ஆட்கள் முக்கால்வாசிப் பேர் குற்றால சீசனுக்குத்தான் லீவு போடுவார்கள். இவரும் அப்படித்தான். சாரலில் நனைய வேண்டும், பிள்ளைகளை அருவிக்குக் கூட்டிப்போக வேண்டும், மங்குஸ்தான் பை ஒன்று வாங்கிக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வர வேண்டும். அத்திமரத்துக்கோ சாரல் ஆகவே ஆகாது. பங்குனியில் மரம் நிறையப் பழுக்கும். நானும் பிள்ளைகளும் தின்போம். சாரல் தொடங்கினால் இலையில் துரு மாதிரி நோய் பிடிக்கும், மிச்சமிருக்கும் காய் தண்ணீரைக் குடித்து ஊதி வாய் பிளந்து எறும்பு ஏறும். மரம் காய்க்க ஆரம்பித்த பிறகு முதல் லீவில் வந்தவர் அப்படி ஒன்றைத்தான் பறித்தார். கடித்தார். புளித்திருக்கும், எனக்குத் தெரியும். "நல்லாருக்கு" என்றார். துப்பியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த பங்குனியில் பழத்தை ஃப்ரீசரில் வைத்துப் பார்த்தேன், வெளியே எடுத்ததும் கூழாகிவிட்டது. காயவைத்து, சவுதிக்குப் போன ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். "இங்க கடையில கெடைக்கே இது" என்றார் இவர். என்ன செய்ய, உண்மைதானே.

அதற்கு அடுத்த லீவிலும் மரத்தில் எறும்புதான் இருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் மாடியில் மரத்தின் பக்கம் நின்றுகொண்டிருந்தார். துணி எடுக்கப் போன என்னிடம், "நான் வச்ச மரம். நானே விருந்தாளி மாதிரி வந்து பாத்துட்டுப் போறேன்" என்றார். மரத்தை மட்டும் சொல்லவில்லை. இந்த வீடு அவர் சம்பாத்தியத்தில் கட்டியது. ஆனால் இதில் ஃபேனுக்கு எந்த சுவிட்ச், லைட்டுக்கு எந்த சுவிட்ச் என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் மாற்றிப் போட்டுவிட்டு எங்களைப் பார்ப்பார். அடுத்த லீவில் இந்த மனுஷன் தன் மரத்துப் பழத்தை, பழுத்த பழமாக, எங்களோடு நின்று தின்ன வேண்டும் என்று அன்றைக்கே மனசில் முடிந்துகொண்டேன்.

வழி சொன்னது எங்கள் மாடியில் குடியிருக்கும் டீச்சர். ஆலங்குளத்துக்காரி. செடி கொடி என்றால் ஃபோனில் விடிய விடிய வீடியோ பார்ப்பாள். "அக்கா, அத்தி புதுக் கிளையிலதான் காய்க்கும். தையில வெட்டுனா ஆடியில பழம் வரும்" என்றாள். ஆடியில் இங்கே வெயில் ஏது என்று கேட்டேன். "சாரல் உங்க ஊருக்கு. வெயிலும் காத்தும் எங்க ஊருக்கு. மரம் டிரம்லதான நிக்கி? தூக்கிட்டுப் போயிருவோம். எங்க மதினி பாத்துக்கிடுவா. வெயிலு என்ன, காசா பணமா?" என்றாள். அவளைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

தையில் வெட்டினோம். வெட்ட எனக்குக் கை வரவில்லை. டீச்சர்தான் கத்தியை வாங்கினாள். வெட்டின இடத்தில் எல்லாம் பால் வடிந்தது. மரம் மொட்டையாக நின்றது. அந்த வாரம் முழுக்க வீடியோ காலில் மாடிப் பக்கமே போகாமல் சமாளித்தேன். பிறகு துளிர் வந்தது. சித்திரையில் ஒவ்வொரு இலைக்கணுவிலும் ஒரு குட்டிக் காய் உட்கார்ந்திருந்தது. நான் எண்ணவில்லை, கண்பட்டுவிடும்.

ஆனியில் முதல் சாரல் விழுந்த அன்றைக்கே வண்டி சொல்லிவிட்டேன். தென்காசியில் நனைந்த சாலை பாவூர்சத்திரம் தாண்டியதும் காய்ந்து கிடந்தது. ஆலங்குளத்தில் சுள்ளென்று வெயில். டீச்சரின் அண்ணன் மனைவி, அவள் மதினி என்று கூப்பிடுவதால் எனக்கும் மதினி, வாசலுக்கு வந்து சேலை சுற்றிய மரத்தைப் பார்த்தாள். "வாங்க வாங்க, பிள்ளைத்தாச்சிப் பொண்ண மெதுவா எறக்குங்க" என்றாள். காற்று படாத சுவரோரமாக, வெயில் விழும் இடத்தில் டிரம்மை வைத்தோம். மறுநாளே ஒரு பழைய கொசுவலையைக் கிழித்து ஒவ்வொரு காய்க்கும் பை தைத்துக் கட்டிவிட்டாளாம், அணில் கடிக்காமல் இருக்க. நான் சொல்லவே இல்லை. அவர் ஃபோனில் "தண்ணி ஊத்துனியா?" என்று கேட்டால் மட்டும், மரம் ஊர் மாறியதைச் சொல்லாமல் ஊத்தியாச்சு என்பேன்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது அவருக்கு லீவு தள்ளிப்போனது. மாற்று டிரைவர் வந்தால்தான் விடுவார்களாம். இங்கே பழம் யாருக்காகக் காத்திருக்கும்? மதினி தினமும் ஃபோன் செய்தாள். "ஒண்ணு பழுத்து மெதுவாயிட்டு. என்ன செய்ய?" நீங்கள் தின்னுங்கள் என்றேன். மறுநாள் கூப்பிட்டு, "தின்னேன். அடுத்த ஆளு பழத்தத் திங்கமாதிரி இருக்கு, தொண்டையில எறங்க மாட்டேங்கு" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பழம் போவதற்காக அழுதேனா, இப்படி ஒருத்தி எனக்குக் கிடைத்ததற்காக அழுதேனா, தெரியவில்லை.

டிக்கெட் உறுதியானபோது மரத்தில் ஏழெட்டுப் பழம்தான் மிச்சம் என்றாள் மதினி. நானும் இரண்டு பிள்ளைகளும் காரில் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போனோம். செங்கோட்டை வழியாகத் திரும்பி வந்தோம், மலை இறங்கும்போதே சாரல். தென்காசி வந்தது. எங்கள் தெரு முனையும் வந்தது. கார் நிற்காமல் போனது, டிரைவரிடம் நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

"ஏட்டி, வீடு தாண்டிப் போகுது!" என்றார். பேசாமல் வாருங்கள் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" என்று மெல்லக் கேட்டார். வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்கு அந்தப் பயம் எப்போதும் மடியிலேயே இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஒங்க மரத்தப் பாக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டேன். "மரம் வீட்டுல இல்லையா?" என்றார். அதற்குள் பிள்ளைகள் சிரித்து எல்லாக் கதையையும் கொட்டிவிட்டார்கள்.

ஆலங்குளத்தில் இறங்கி நேராக மரத்திடம் போனார். கொசுவலைப் பையை அவரே அவிழ்த்தார். பழம் கழுத்து வளைந்து தொங்கியது, அடியில் ஒரு சொட்டுத் தேன். பறித்துப் பறித்து எங்கள் கையில் ஒவ்வொன்றாக வைத்தார். மதினிக்கும் ஒன்று கொடுத்தார், இந்தத் தடவை அவளுக்குத் தொண்டையில் இறங்கியது. கடைசியாக அவருக்கு. தோலோடு தின்றார். நல்லாருக்கு என்று சொல்லவில்லை. கையைக் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள் மதினி. வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, அந்தச் சொம்புத் தண்ணீரை மரத்துக்கு ஊற்றினார்.

லீவு முடிவதற்குள் மரத்தை மறுபடி குட்டியானையில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். அவர் முன் சீட்டில் உட்கார மாட்டேன் என்று பின்னால் ஏறி டிரம்மைப் பிடித்துக்கொண்டார். பாவூர்சத்திரம் தாண்டியதும் சாரல் பிடித்தது. தென்காசிக்குள் நெரிசலில் வண்டி நின்றபோது பைக்கில் வந்த ஒருவர், "என்ன மரம் பாய், வெலைக்கா?" என்று கேட்டார்.

"வெலைக்கு இல்ல. எங்க வீட்டு மரம்" என்றார் இவர்.

முன் சீட்டில் இருந்த எனக்கு அது நன்றாகக் கேட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன், டிரைவர் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் குடையைப் பின்னால் நீட்டினேன். வாங்கியவர் தன் தலைக்குப் பிடிக்கவில்லை. வீடு வரைக்கும் மரத்துக்குத்தான் பிடித்துக்கொண்டு வந்தார்.