சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் ஒரு ஷெல்

மகள் அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. நாம் தட்டுகிற கட்டளையை வாங்கி யூனிக்ஸ் என்கிற கம்ப்யூட்டர் அமைப்பைக் கொண்டு வேலை செய்விக்கும் புரோகிராமுக்கு ஷெல் என்று பெயராம். அதைத் தானே எழுதித் திங்கட்கிழமை கல்லூரியில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் டெர்ம், அதாவது பருவம் முடித்ததற்கான கையெழுத்து, கிடையாது. டெர்ம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள், ஒரு வருஷம் போய்விடும்.

சனிக்கிழமை சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடு கம்ப்யூட்டரையும் வைக்கணும் என்றேன். எங்கள் சிஞ்ச்வட் ஃப்ளாட்டில் அது இருந்த மூலையிலிருந்து, ப்ளக்கைப் பிடுங்கி, பெட்டியைச் சாமிக்கு முன்னால் தூக்கி வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டேன். அன்று யாரும் தொடக்கூடாது. மகள் முணுமுணுத்தாள், ஆனால் தொடவில்லை.

விஜயதசமி காலையில் திரும்ப மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் முகம் மாறிவிட்டது.

"புரோகிராம்ல ஃபங்ஷன்னு ஒரு பகுதி எழுத மறந்துட்டேன்மா, அதனால எரர். இப்ப எழுதிட்டேன். இன்னும் அது இல்லைங்குது."

"எழுதினதை சேவ் பண்ணியா?"

"பண்ணாம? இதோ கண்ணு முன்னாடி இருக்கே!"

புதிதாக எழுதியதைப் படிக்கிறதா என்று தெரிந்துகொள்ள, வேண்டுமென்றே அதில் ஒரு தப்பைச் சேர்த்துப் பார்த்தாள். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாமல் பழைய எரரையே திரும்பச் சொன்னது.

"சரஸ்வதி இன்னும் திருப்பித் தரலை போல" என்றார் என் கணவர்.

"அப்பா, மஜாக் பண்ணாதீங்க. கேலிக்கு இது நேரமில்ல."

பிறகு கீபோர்டைத் தள்ளி வைத்தாள். "நாளைக்கு நான் போகல. எங்கயும் போகல. எனக்கு எதுவுமே வேண்டாம்." அழவில்லை, கத்தவில்லை. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் வங்கியில் வேலை பார்ப்பவள். புரோகிராம் எல்லாம் தெரியாது. திரையில் இருந்ததை வரி வரியாகப் படித்தேன்.

"கடிகாரம்னு என்னவோ வருதே?"

"அது வார்னிங்மா. எரர் இல்ல. யாரும் பாக்க மாட்டாங்க."

"தேதி என்னனு கேளேன்."

எரிச்சலோடு தட்டினாள். அவள் பிறப்பதற்கு முந்தைய ஒரு வருஷம் வந்தது.

திரையில் அந்த வருஷத்தின் மேல் விரலை வைத்தாள். பிறகு பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகச் சொன்னாள்: உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்திருக்கிறது, கடிகாரம் சுவர் கரண்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது, நான் ப்ளக்கைப் பிடுங்கியதும் தேதி பின்னால் போய்விட்டது. அதனால் இன்று திருத்திய ஃபைலை, வெள்ளிக்கிழமை கம்பைல் செய்து ஓடும் வடிவத்துக்கு மாற்றி வைத்ததைவிடப் பழையது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் தொடாமலே விட்டிருக்கிறது. எனக்குப் பாதிதான் புரிந்தது. பூஜை செய்தது தப்பா? அதுவும் புரியவில்லை.

தேதியைச் சரிசெய்து, வெள்ளிக்கிழமை உருவானதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டினாள். அவள் வேண்டுமென்றே சேர்த்த தப்பு வரி எண்ணோடு வந்தது. ஒரு எரரைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றுதான். அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டியதும், அவளுடைய ஷெல் கட்டளைக்காகக் காத்து நின்றது.

திங்கட்கிழமை மதியம் வங்கிக்குப் போன் வந்தது. "ஸார் ஸைன் பண்ணிட்டார்மா. டெர்ம் கிடைச்சிடுச்சு."

"சரி. சாப்பிட்டியா?" என்றேன்.

அவள் வைத்துவிட்டாள். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். எதுவுமே வேண்டாம் என்று அவள் சொன்னது அந்த எரருக்காக மட்டும்தானா என்று கேட்க நினைத்திருந்தேன். இன்றுவரை கேட்கவில்லை.