அது முழங்கால் சத்தமில்லை

மொரீஷியஸில் கலியாணம் கட்டியிருக்கும் என் தங்கையைப் பார்க்கக் கணவரோடு போனபோது, ஓர் எரிமலைக் குகைக்குள் சின்னஞ்சிறு குருவியொன்றைக் கண்டேன். குகை உழவாரன் என்கிற இனம். அந்தத் தீவையும் பக்கத்துத் தீவையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. மொன்றியலுக்குத் திரும்பியதும், ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப் பூங்காவில் குருவி பார்க்கும் எங்கள் குழுவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். குழுவை நடத்துகிற அம்மையார் என் கைபேசி வீடியோவைப் பார்த்தார். இருட்டுக்குள் ஒரு கரும்புள்ளி. குகை வழிகாட்டி "இறோந்தெல்" என்று சொல்வது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"இறோந்தெல் என்றால் தகைவிலான் குருவிதானே, மதாம்?" என்றார் அம்மையார்.

அந்தத் தீவுச் சனங்கள் இரண்டையும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள் என்று விளக்க வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து என் பிரெஞ்சு கைவிட்டது. இத்தனை வருடத்தில் நானாக இனங்கண்ட முதல் குருவி அது. அழுகையே வந்துவிட்டது.

வில்லரேயில் எங்கள் வீட்டுக்கு வந்து, வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டேன். டிக், டிக், டிக் என்று மெல்லிய சத்தம். அட! குகை உழவாரன் இருட்டில் இப்படிச் சத்தமிட்டு, அது சுவரில் பட்டுத் திரும்புவதை வைத்தே வழி கண்டுபிடிக்கும். தகைவிலானுக்கு அந்த வித்தை தெரியாது. துள்ளிக் குதித்தேன்.

"அது என்ர முழங்காலப்பா," என்றார் கணவர். "குகைக்குள்ள குனிஞ்சு குனிஞ்செல்லோ நடந்தனான்."

"எங்க, இருந்து எழும்புங்கோ பாப்பம்."

எழும்பினார். பாழாய்ப்போன முழங்காலும் டிக் என்றது. மனுசனுக்கு வலு சந்தோசம். அந்தக் கிழமை முழுக்க, மெட்ரோப் படியேறும்போதெல்லாம், "உம்மட குருவி கதைக்குது, கேக்குதே?" என்று ஒரே பகிடி. அந்த முழங்காலைக் கழற்றி எறிந்தால் என்ன என்றிருந்தது எனக்கு.

சனிக்கிழமை, எரிச்சலோடு கடைசியாக ஒருதரம் பார்த்தேன். குருவி குகைவாசலைத் தாண்டி வெளிச்சத்துக்குள் போகிறது. சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் நிழலாகத் தெரிகிற இவரோ இன்னும் குனிந்தபடி நடந்துகொண்டேயிருக்கிறார்! வெளிச்சத்தில் உழவாரனுக்குக் கண்ணே போதும், அது சத்தம் போடாது. முழங்காலுக்கு இருட்டென்ன, வெளிச்சமென்ன?

மறுநாள் இவரையும் இழுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். அம்மையார் கைபேசியைக் காதோடு வைத்துக் கேட்டார். மறுபடியும் போடச் சொன்னார். குருவி வெளியேறுகிற இடத்தில் விரலால் காட்டினேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாகி, "சலங்கான்!" என்று கத்தினார். பிரெஞ்சில் குகை உழவாரனுக்கு அதுதான் பெயர். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அம்மையாருக்குக் கை கொடுத்து, தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் பெருமையாகச் சொன்னார்:

"என் மனைவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும், மதாம். நான் முதல் நாளே நம்பினேன்."