நோக்கம்: சுற்றிப் பார்ப்பது

திங்கட்கிழமை, காலை 7.15. அரூர் பேருந்து நிலையம்.

கனடாவுக்கு நான் புறப்பட்டது இங்கிருந்துதான். விமானத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. விசாவுக்கு விண்ணப்பம்கூடப் போடவில்லை. இருந்தாலும் புறப்பட்டாகிவிட்டது என்றுதான் எழுதுவேன். தோளில் ஒரு பை, பைக்குள் பாஸ்போர்ட், கடையின் மூன்று வருட வருமான வரித் தாள்கள், ஒரு நோட்டு. நோட்டின் நடுப்பக்கத்தில் ஸ்கேல் வைத்து நானே வரைந்த ரயில் பாதை. டொராண்டோவில் ஏறி வான்கூவரில் இறங்க வேண்டும். நாலாயிரத்து நானூற்று அறுபத்தாறு கிலோமீட்டர், நான்கு இரவுகள். மொரப்பூரில் ஏறிச் சென்னையில் இறங்கியதுதான் இதுவரை என் வாழ்வின் ஆக நீண்ட ரயில் பயணம்.

வயது ஐம்பத்தொன்று. அரூரில் விதைக்கடை வைத்திருக்கிறேன். எள், கேழ்வரகு, தக்காளி, வெண்டை என்று இருபத்து நான்கு வருடமாகப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு பொட்டலமும் ஏதோ ஒரு காட்டுக்குப் போய் மழையைப் பார்க்கிறது. கட்டிக் கொடுத்தவள் கல்லாவிலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஒருநாள் மத்தியானம், கடைக்கு யாரும் வராத நேரத்தில், செல்போனில் ஒரு படம் பார்த்தேன். மஞ்சள் மரங்களுக்கு நடுவே ஒரு ரயில், வளைவில் தன் வாலைத் தானே பார்த்தபடி போய்க்கொண்டிருந்தது. செப்டம்பர் கடைசியில் அந்த ஊர் இலைகள் அப்படித்தான் ஆகுமாம். அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. காரணம் அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து எவர் கையிலும் கொடுப்பதாக இல்லை.

காலை 8.45. தர்மபுரி.

அரூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். அக்கா எனக்கு முன்பே வந்து பேருந்து நிலையத்தில் நின்றிருந்தார். நல்லம்பள்ளியிலிருந்து டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. "கனடாவுக்கு முதல் பத்து கிலோமீட்டர் ஓசி, தேவி" என்றார்.

அக்கா என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி, ராஜாமணி. எனக்கு ஆறு வயது மூத்தவர். ஓரகத்திகள் ஒத்துப்போக மாட்டார்கள் என்பது ஊர் கணக்கு. நாங்கள் பதினோரு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தோம், அப்போது ஊர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. தனித்தனி வீடு போன பிறகுதான் சிநேகிதிகள் ஆனோம். கூட வருகிறீர்களா என்று கேட்டதும், எந்த நாடு என்றுகூடக் கேட்காமல் வருகிறேன் என்றவர்.

சொந்தத்தில் எந்தப் பெண் பிள்ளை பெற்றாலும் ராஜாமணியைக் கூப்பிடுவார்கள். பத்தியச் சோறு, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, ராத்திரி விழித்திருப்பது, எல்லாம் அவர் வேலை. அப்படிப் போன ஊர்கள் ஒன்பது. எந்த ஊரிலும் ஆஸ்பத்திரி வாசலையும் சமையலறையையும் தவிர எதையும் அவர் பார்த்ததில்லை.

ரயிலா காரா என்பதில் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. அக்காவின் கணவர், நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், காரில் போனால்தான் நினைத்த இடத்தில் நின்று போகலாம் என்றார். கார் என்றால் ஓட்டத் தெரிந்த ஆண் ஒருவர் கூட வர வேண்டும் என்றும், தனக்கு அந்த மாதம் ஓய்வுதான் என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த நிமிடமே ரயில் என்று முடிவானது. டொராண்டோவில் இரண்டு நாள், ரயிலில் ஏறி மூன்றாவது இரவு கழிந்ததும் ஜாஸ்பர் என்ற மலை ஊரில் இறங்கி நான்கு நாள், மறுபடி ரயில், கடைசியில் வான்கூவர் கடல். பதினான்கு நாளும் இரண்டு பெண்களுக்கு மட்டும்.

காலை 10.00. விண்ணப்பம் நிரப்பும் கடை.

கம்ப்யூட்டர் இரண்டு, மின்விசிறி ஒன்று. கடைக்காரருக்கு என் வயது இருக்கும். பெயர், பிறந்த தேதி எல்லாம் வேகமாக ஓடின. பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. அங்கே சொந்தக்காரர்கள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொந்தம் இல்லாம எதுக்குங்க போறீங்க?"

"பாக்கறதுக்குங்க."

"யாரை?"

அப்போது அக்கா தன் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. அன்று காலையில்தான் மாமா கொடுத்தாராம். கனடாவிலிருந்து வந்த அழைப்புக் கடிதம். மாமாவின் சித்தப்பா மகள் சரோஜா காரிமங்கலத்தில் இருக்கிறார். அவர் மகன் குமரேசனுக்கு டொராண்டோ பக்கத்தில் வேலை. மனைவிக்கு செப்டம்பர் கடைசியில் பிரசவம். அத்தை ராஜாமணி வந்து ஆறு மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்வார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். என் பெயர் அதில் எங்கும் இல்லை. ரயிலும் இல்லை.

கடைக்காரர் முகம் மலர்ந்தது. இதை முதலிலேயே கொடுத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும், இந்த அம்மாவுக்கு விசா கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மாமா கெட்டவர் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று நினைத்திருப்பார். மஞ்சள் இலைகள் ஜன்னலுக்கு வெளியே உதிரும், அக்கா ஜன்னலுக்கு உள்ளே பூண்டு உரிப்பார். பத்தாவது ஊர். கடிதத்தைக் கிழித்துப் போடக் கை துடித்தது. ஆனால் அது என் பெயருக்கு வந்த கடிதம் இல்லை.

அக்கா உறையை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். "நாளைக்கு வர்றமுங்க" என்று எழுந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை, காலை 9.30. காரிமங்கலம்.

தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினால் முக்கால் மணி நேரம். அன்று சந்தை. ஆடுகள் ஒரு பக்கம், தேங்காய் ஒரு பக்கம், நடுவே மிளகாய் நெடி. சரோஜா தார்ப்பாய் விரித்துத் தேங்காய் விற்றுக்கொண்டிருந்தார். போனில் சொல்லலாமே என்று நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது என்று அக்கா பிடிவாதமாக வந்திருந்தார்.

கடிதத்தைத் தேங்காய்க் குவியல் மேல் வைத்தார்.

"சரோஜா, இது எனக்கு வேண்டாம். நான் வரல."

"கனடாவுக்கே போகலீங்களா அண்ணி?"

"போறேன். உம் மவன் வூட்டுக்கு வேலைக்குப் போகல."

சரோஜா எடை போட்டுக்கொண்டிருந்த காயைக் கீழே வைத்தார். பக்கத்துத் தார்ப்பாய்க்காரர்கள் காதைக் கூர்மையாக்கினார்கள். சரோஜா குரலை உயர்த்தவில்லை, அதனால்தான் அது தைத்தது.

"மருமவ தாயில்லாத புள்ளைங்க. நீங்க ரயிலேறி மரம் பாக்கறது அவ்ளோ பெருசா போச்சுங்களா?"

உள்ளபடியே எழுதுகிறேன், அந்த நிமிடம் என் நோட்டுப் படம் ஒரு விளையாட்டுப் பிள்ளையின் கிறுக்கல் போலத் தெரிந்தது. நான்காயிரம் கிலோமீட்டர் மஞ்சள் இலைகளைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் பிறக்கப்போகும் ஒரு சிசுவை வைத்தால் எந்தப் பக்கம் இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

அக்கா அசையவில்லை. "நீ ஏன் போகல?" என்று கேட்டார்.

நாலு மாடு இருப்பதைச் சொன்னார் சரோஜா. வீட்டுக்காரருக்கு வேளைக்குச் சோறு வேண்டும், கடையில் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது, மாடு கறக்கவும் வராது, ஆறு மாதம் யார் பார்ப்பது என்று அவரே சொல்லிவிட்டார் என்றார்.

"அப்ப அந்தப் புள்ளைக்குத் தாயில்லைன்னு நீங்க என்னை அனுப்பல. உன் வூட்டுக்காரருக்குச் சோறு ஆக்க ஆளில்லைன்னு அனுப்பறீங்க." அக்கா இன்னும் மெதுவாகச் சொன்னார். "பேரன் உன்னுது சரோஜா. நீ போ. பால் கறக்கறதுக்கு அவருக்குக் கை இருக்குது. மாடு ஒண்ணும் கோவிச்சுக்காது."

பக்கத்துத் தார்ப்பாயில் யாரோ சிரித்தார்கள். சரோஜா சிரிக்கவில்லை. "பேசறது சுலபமுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குக் காய் எடுத்துக் கொடுக்கத் திரும்பிக்கொண்டார்.

பகல் 12.30. மறுபடியும் தர்மபுரி.

திரும்பும் பஸ்ஸில் அக்காவிடம், வேண்டுமானால் இந்த வருடம் விட்டுவிடலாம், இலை அடுத்த வருடமும் மஞ்சளாகத்தான் ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மீதி வார்த்தைகளை விழுங்கிவிட்டேன்.

கடைக்காரரிடம் அக்காவே சொன்னார். "நோக்கம், சுற்றிப் பார்க்க. அப்படியே போடுங்க." ஒரு தடவை விசா மறுத்தால் அது பதிவில் நிற்கும், அப்புறம் தன்னைக் கேட்கக் கூடாது என்று கடைக்காரர் எச்சரித்தார். உண்மையைச் சொல்லி மறுத்தால் மறுக்கட்டும் என்றார் அக்கா. நாள் வாரியாகத் தங்கும் ஊர், ரயில் ஏறும் ஊர், திரும்பும் தேதி, கடை உரிமம், அக்காவின் பெயரில் இருக்கும் புளியந்தோப்புப் பட்டா என்று எல்லாம் இணைத்தோம். ஆளுக்கு நூற்று எண்பத்தைந்து கனடா டாலர் கட்டணம். கைரேகை வைக்க பெங்களூர் வரச் சொல்லித் தேதி கிடைத்தது.

அன்றிலிருந்து மாமா அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

மூன்று வாரம் கழித்து, வியாழக்கிழமை. காலை 5.20.

தர்மபுரியிலிருந்து பெங்களூர் நூற்று நாற்பது கிலோமீட்டர். பஸ்ஸுக்கு ஆளுக்கு நூற்றெழுபது ரூபாய். கிருஷ்ணகிரி தாண்டும்போது விடிந்தது. பாறைக் குன்றுகள் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து எழுந்து உட்கார்ந்தன. பார்க்க ஒன்றும் இல்லாத வழி என்று எல்லோரும் தூங்குகிற வழி அது. அக்கா தூங்கவில்லை. கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு வந்தார். ஓசூரில் பஸ் நின்றபோது, இந்த வழியாகப் போகும்போதெல்லாம் மடியில் மருந்துப் பெட்டியும் பத்தியப் பொடியும்தான் இருக்கும், வெளியே பார்க்கத் தோன்றியதே இல்லை என்றார்.

பெங்களூரில் வேலை பத்து நிமிடம். பத்து விரல், ஒரு போட்டோ. இனி விசா தருவதானால் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள், அனுப்ப வேண்டும்; மறுத்துவிட்டால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். மறுபடி விண்ணப்பித்தாலும் நோக்கம் மாறாது. அதைப் படிக்கட்டில் இறங்கும்போதே இருவரும் பேசி முடித்துவிட்டோம்.

பகல் 12.10. மாமாவிடமிருந்து போன்.

மூன்று வாரத்தில் முதல் பேச்சு. அக்கா ஸ்பீக்கரில் போட்டார். சரோஜா யாரிடமும் சொல்லாமல் காரிமங்கலத்தில் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம். அவர் கணவர் மாமாவைக் கூப்பிட்டு, உன் பெண்டாட்டி வந்து பேசிவிட்டுப் போனதிலிருந்து என் வீட்டில் மாட்டுக்கு ஆளில்லை என்று சண்டை பிடித்தாராம். நல்ல குடும்பத்தைக் கலைத்துவிட்டாய் என்றார் மாமா. பிறகு குரல் இறங்கியது. சரோஜா போனாலும் போகாவிட்டாலும் குமரேசனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், முகம் காட்ட வேண்டாமா, அந்த ஊரில்தான் இரண்டு நாள் இருக்கிறீர்களே என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அது எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு நாள் என்று உள்ளே இழுக்கிற வீடுகள் ஆறு மாதம் கழித்துத்தான் வெளியே விடும்.

அக்கா போனை வாயருகே கொண்டுபோனார்.

"ஏனுங்க, குமரேசன்கிட்ட சொல்லுங்க. நானும் தேவியும் ஒரு மத்தியானம் குழந்தையைப் பாக்க வர்றோம். விருந்தாளியா வர்றோம். அவன் சமைச்சு வெக்கட்டும்."

அவனுக்குச் சமைக்கத் தெரியாதே என்றார் மாமா. இன்னும் நாலு மாசம் இருக்குதில்லீங்க என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் எங்களுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வேகமாகப் பின்னால் போகும் ஊர்ப்பெயர்ப் பலகைகளை அக்கா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். அத்திப்பள்ளி. ஓசூர். சூளகிரி. பயணம் என்பது தூரத்தில் இருக்கிறது என்று இத்தனை நாளும் நம்பியிருந்தேன். அவரவர் வீட்டு வாசலைத் தாண்டுவதுதான் அதில் ஆக நீளமான பகுதி. அதற்கு டிக்கெட் எந்தக் கவுன்ட்டரிலும் கொடுப்பதில்லை.

சூளகிரி தாண்டியதும் அக்கா என் பக்கம் திரும்பினார். வெகுநேரமாக யோசித்து வைத்திருந்த கேள்வி என்று முகத்திலேயே தெரிந்தது.

"தேவி, விருந்தாளின்னா சாப்புட்ட தட்டை அங்கயே வெச்சிட்டு எந்திரிச்சுக்கலாமில்ல?"