செனட்டருக்குக் காணி வேணும்

எங்கட மனுசன் பகலிலயும் கனவு காணுற ஆள். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில, விட்பியில இருக்கிற எங்கட வீட்டின்ர பின்பக்கக் கண்ணாடிக் கதவடியில கதிரையைப் போட்டுக்கொண்டு, பனி கொட்டுறதைப் பார்த்தபடி இருப்பார். வாய் மட்டும் மெல்ல அசையும். கிட்டப் போய்க் கேட்டால், "மதிப்புக்குரிய அங்கத்தவர்களே..." எண்டு பனிக்கு முன்னால ஒரு பேச்சு நடக்குது. ஐயோ, என்ன மனுசனப்பா!

பொன்னம்பலம் எண்டால் ரொறன்ரோவில தெரியாத தமிழர் குறைவு. சென் ஜேம்ஸ் ரவுணில பத்தொன்பதாம் மாடியில நாங்கள் குடியிருந்த காலம், கீழ இருந்த பாங்கில கவுண்டரில நிண்டவர். பக்கத்து வரிசை வெறுமையாக் கிடந்தாலும் எங்கட சனம் இவற்ற வரிசையிலதான் நிக்கும். பிறகு கடன் பிரிவு, பிறகு மனேச்சர். "அண்ணை, எலெக்சனில நில்லுங்கோ" எண்டு ஆரோ உசுப்பிவிட, வேலையை விட்டிட்டு நகரசபைக்குப் போனார். அடுத்தது மாகாண சபை. அந்தப் பதினாறு வருசமும் ஆற்ற பிள்ளையின்ர அரங்கேற்றம் எண்டாலும் குத்துவிளக்கு ஏத்த இவர் வேணும். எங்கட வீட்டில பியூஸ் போன பல்ப்பை மாத்தத்தான் ஆள் கிடையாது.

போன முறை தோத்துப்போனார். சனமெல்லாம் கவலைப்பட்டுது. நானும் வெளியில கவலைப்பட்டன். உள்ளுக்க, சொல்லவே வெக்கமாக் கிடக்கு, சந்தோசம். ரெண்டு வருசமா விடிய என்னோட இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். கடையில சாமான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு பின்னால வாறார். சில நேரம் நான்தான் கனவு காணுறனோ எண்டு அவற்ற கையைத் தொட்டுப் பாப்பன்.

தை மாதம் ஒரு நாள், லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ள வந்தார்.

"மங்கை, செனட்டுக்கு, உந்த மேல்சபைக்கு, நாங்களே விண்ணப்பிக்கலாமாம். எல்லாம் நிரப்பிப் போட்டன். ஒண்டுதான் குறை."

"என்ன குறை?"

"செனட்டருக்குச் சொந்தப் பேரில நாலாயிரம் டொலர் பெறுமதிக்காவது காணி இருக்கவேணும். பழைய சட்டம்."

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அரைவாசி ஸ்காபரோவுக்கு வீட்டுக் கடன் எடுத்துக் குடுத்த மனுசனுக்கு ஒரு சாண் நிலம் இல்லை! முதல் எலெக்சனில நிக்கேக்க, தான் தோத்துக் கடன்பட்டாலும் எனக்கு மிஞ்சட்டும் எண்டு அப்பத்தைய வீட்டை முழுக்க என்ர பேருக்கு மாத்தினவர் அவர்தான். அதை வித்து விட்பியில வாங்கினதும் என்ர பேரிலதான்.

"வீட்டில நூறில ஒரு பங்கு எழுதித் தந்தாப் போதும்," எண்டார். ஆள் அங்க நிக்கேல்லை, ஒட்டாவாவில செனட்டின்ர சிவப்புக் கம்பளத்தில நடந்துகொண்டிருந்தார். ஒட்டாவா எண்டால் கிழமை முழுக்க அங்கதான். எழுபத்தஞ்சு வயசு வரைக்கும் விடமாட்டினம். இப்ப அறுபத்தாறு. எண்ணிப் பார்த்தன், ஒன்பது வருசம். "ஓம்" எண்டன். வேறென்ன சொல்லிப் பழக்கம் எனக்கு?

லோயர் நிரூபா என்ர சிநேகிதியின்ர மகள். பத்திரத்தை மேசையில வைச்சவள், "அங்கிள், கொஞ்சம் வெளியில இருங்கோ" எண்டு இவரை அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

"அன்ரி, இதை நான் கட்டாயம் கேக்கவேணும். உங்கட சொந்த விருப்பத்திலதான் கையெழுத்து வைக்கிறியளோ?"

கலியாணம் கட்டின இந்த முப்பத்தெட்டு வருசத்தில ஒருத்தரும் என்னட்ட இதைக் கேட்டதில்லை. அறை அப்பிடியே மிதக்கிற மாதிரிக் கிடந்தது. என்ர வாய் தன்ர பாட்டில சொல்லிச்சுது.

"இல்லை, பிள்ளை."

சொல்லிப்போட்டு விக்கி விக்கி அழுதன். நிரூபா தண்ணி தந்தாள். பேனையை மூடி வைச்சாள்.

காரில ஏறின பிறகுதான் இவருக்குச் சொன்னன். "இஞ்சருங்கோ, சொந்த விருப்பமோ எண்டு நிரூபா கேட்டாள், நான் கையெழுத்து வைக்கேல்லை. ரெண்டு வருசமாத்தான் எனக்குப் புருசன் எண்டு ஒருத்தர் வீட்டில இருக்கிறார். ஒட்டாவாவுக்குக் குடுக்கமாட்டன்."

கத்தப்போறார் எண்டு நினைச்சன். காரை ஸ்ராட் பண்ணினவர், எடுக்கேல்லை. வைப்பர் போய்ப் போய் வந்தது.

"பாங்கில இருக்கேக்க நானும் உந்தக் கேள்வியைக் கேக்கிறனான், மங்கை," எண்டார். "புருசனை வெளியில விட்டிட்டு எத்தினை பொம்பிளையளைக் கேட்டிருப்பன். எல்லாரும் ஓம் எண்டவை. நான் உடன பேனையைக் குடுத்திடுவன்."

ஸ்ரியரிங்கில இருந்து கையை எடுத்தார். பிறகு என்ர பக்கம் திரும்பினார்.

"உம்மை நான் ஒருநாளும் கேக்கேல்லை, என்ன?"

"இல்லை," எண்டன்.